ஆள விரும்பாத மறுபிறவி அரசன்: புண்ணியராசன் பற்றிய நிகழ்வு ஆய்வு

முற்பிறவியில் தான் யாராக இருந்தோம் என்று கேள்விப்பட்ட அரசன் ஒருவன் அரியணையை விட்டு இறங்க விரும்புகிறான். அமைச்சன் காலில் விழுந்து கேட்டும் இணங்காமல் கப்பலேறிக் கடல் கடந்து போகிறான். போன இடத்தில், தானே துறவு பூண்ட ஓர் இளம்பெண் அவனைத் தேற்றி, நாட்டை ஆளத் திருப்பி அனுப்புகிறாள். மணிமேகலையின் இருபத்தைந்தாம் காதையில் நடக்கும் இந்த நிகழ்வை, ராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரையூர் ஒன்றின் நூலகத்தில் கூடும் எங்கள் வாசகர் வட்டம் அண்மையில் வரிவரியாகப் படித்தது. படகு உரிமையாளர்களும், கரைவலை இழுத்துப் பழகிய முதியவர்களும், கல்லூரி மாணவர்களும், ஆசிரியர்கள் சிலரும் அந்த வட்டத்தில் இருக்கிறார்கள். வாசிப்பில் எழுந்த கேள்விகளையும், அவற்றுக்குக் காப்பியத்திலேயே கிடைக்கும் விடைகளையும், ஒப்பிட்டுப் பார்க்கத் தக்க வேறு சில வாரிசுகளின் கதைகளையும் இங்கே எழுதுகிறேன்.

என் முடிவை முன்னதாகவே சொல்லிவிடுவது நல்லது. பிறவி நினைவு வந்தவன் உலகத்தை வெறுப்பான், பட்டத்தை உதறுவான் என்பதே நாம் பொதுவாக எதிர்பார்ப்பது. புண்ணியராசனும் அப்படித்தான் தொடங்கினான். ஆனால் முற்பிறவியைப் பிறர் சொல்லக் கேட்டபோது விலக நினைத்தவன், அதை முழுவதுமாகக் கண்ணால் கண்டபோது திரும்பிப் போனான். கேட்டதற்கும் கண்டதற்கும் இடையில் அவனுக்கு என்ன நேர்ந்தது என்பதே இந்த ஆய்வின் பொருள்.

முற்பிறவி

புண்ணியராசன் முற்பிறவியில் ஆபுத்திரன். வாரணாசியிலிருந்து குமரிக்கு நீராட வந்த சாலி என்ற பார்ப்பனப் பெண், வழியில் இரவில் அவனைப் பெற்று, ஆளற்ற தோட்டத்தில் போட்டுவிட்டுப் போனாள். ஏழு நாள் ஒரு பசு வந்து பால் கொடுத்துக் காத்தது. வயனங்கோட்டு இளம்பூதி எடுத்து வளர்த்தான். வேள்விக்குக் கட்டியிருந்த பசுவை இரவோடு இரவாக அவிழ்த்து விட்டதற்காக அடிபட்டு, ஊரைவிட்டுத் துரத்தப்பட்டு, பிச்சை ஏற்கும் ஓட்டில் கல்லைப் போட்ட தெருக்களைக் கடந்து, தென்மதுரைக்கு வந்து சேர்ந்தான். அங்கே சிந்தாதேவியின் கோயிலில் தங்கி, பகலெல்லாம் இரந்து, கண் இல்லாதவர்க்கும் காது கேளாதவர்க்கும் கால் முடங்கியவர்க்கும் ஆதரவற்றவர்க்கும் ஊட்டி, மிஞ்சியதைத் தான் உண்டு, அந்த ஓட்டையே தலைக்கு வைத்துப் படுத்தான். மாரிக்காலத்து நள்ளிரவு ஒன்றில் பசித்து வந்தவர்களுக்குக் கொடுக்க ஒன்றும் இல்லாமல் அவன் வருந்தியபோது, அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியைத் தேவி அவன் கையில் கொடுத்தாள்.

அடுத்து நடந்தது கவனிக்க வேண்டியது. பன்னிரண்டு ஆண்டு மழை இல்லாதிருந்த பாண்டி நாட்டில் மழை பெய்தது. பசி ஒழிந்தது. பாத்திரம் இருந்தும் வாங்க ஆளில்லை. ஊர் ஊராகப் போய் “உண்பவர் உண்டா” என்று கேட்டவனை ஊரார் ஏளனம் செய்தார்கள். கடலிலிருந்து வந்து இறங்கியவர்கள் சாவக நாட்டில் மழை பொய்த்து உயிர்கள் மடிவதைச் சொல்ல, அவன் கப்பலேறினான். சாவகத்தை இன்றைய ஜாவா என்று கொள்பவர் பலர். வழியில் காற்று மிகுந்து கடல் கலங்கியதால் கப்பல் மணிபல்லவத் தீவில் பாயை இறக்கி ஒரு நாள் தங்கியது. அவன் கரையில் இறங்கினான். “இழிந்தோன் ஏறினன் என்று இதை எடுத்து” என்கிறது காப்பியம். இறங்கியவன் ஏறிவிட்டான் என்று எண்ணிப் பாயை விரித்துக் கடும் இருளில் கப்பல் போய்விட்டது.

இந்த வரிக்கு எங்கள் வட்டத்தில் உரை தேவைப்படவில்லை. கடலில் வாழ்நாளைக் கழித்த பெரியவர் ஒருவர் சொன்னார்: “காத்து அமந்ததும் நங்கூரத்தைத் தூக்கிருவாக, தம்பி. எல்லாரும் ஏறியாச்சான்னு ஒருத்தன் கேப்பான், ஏறியாச்சுன்னு இன்னொருத்தன் சொல்லுவான். இருட்டுக்குள்ள யாரு தலைய எண்ணுறது?” மணிபல்லவம் யாழ்ப்பாணத்தை ஒட்டிய நயினாதீவு என்று கொள்ளும் அறிஞர்கள் உண்டு; வேறு தீவுகளைக் குறிப்பவர்களும் உண்டு. எதுவாயினும், பாக் நீரிணையின் இந்தக் கரையில் வாழ்பவர்களுக்கு அது தொலைவான கற்பனை நிலம் ஆகாது. வைகை கடலில் கலக்கும் இடத்தருகே அழகன்குளத்தில் நடந்த அகழாய்வில் ரோமானியக் காசுகளும், கப்பல் உருவம் கீறிய பானை ஓடும் கிடைத்திருக்கின்றன. கப்பலில் வந்தவர்கள் இறங்கி ஏறிப் போன கரை இது.

தனித் தீவில் நின்ற ஆபுத்திரன் எடுத்த முடிவுதான் இந்த நிகழ்வின் வேர். “மன்னுயிர் ஓம்பும் இம் மாபெரும் பாத்திரம் என்னுயிர் ஓம்புதல் யானோ பொறேன்” என்று அவன் நினைத்தான். உலகத்தின் உயிரையெல்லாம் காக்க வந்த பாத்திரத்தைக் கொண்டு தன் ஒரு வயிற்றை மட்டும் நிரப்பிக்கொள்ள அவனுக்கு மனம் ஒப்பவில்லை. பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு உண்ணாமல் உயிர் துறந்தான். படிக்கும்போது இதைவிட உயர்ந்த மறுப்பு வேறில்லை என்றே தோன்றுகிறது. எங்களுக்கும் தோன்றியது.

விலக விரும்பியதன் காரணம்

சாவகத்தில் தவளமலையில் இருந்த மண்முக முனிவனின் பசு வயிற்றில் அவன் மீண்டும் பிறந்தான். பிள்ளையில்லாத பூமிசந்திரன் என்ற அரசன் முனிவனிடம் குழந்தையைப் பெற்று மகனாக வளர்த்து நாட்டைக் கொடுத்தான். இரண்டு பிறவியிலும் அவன் எடுத்து வளர்க்கப்பட்ட பிள்ளை என்பது குறிப்பிடத் தக்கது. ஆனால் சாவகத்தில் அது அவனுக்கே தெரியாது. தன் தலைநகர் நாகபுரத்துச் சோலையில், அந்த அமுதசுரபியோடு வந்த இளந்துறவி மணிமேகலையைக் கண்டு, “கையில் உள்ள பாத்திரம் ஏது” என்று கேட்டபோதுதான் செய்தி வருகிறது. பாத்திரம் உன்னுடையதே, அந்தப் பிறவியை நீ அறியவில்லை, பசு வயிற்றில் வந்த இந்தப் பிறவியையும் நீ அறியவில்லை, மணிபல்லவத்துக்கு வந்து பீடிகையை, அதாவது அங்குள்ள புத்தரின் ஆசனத்தை, வலம் செய்தால் அல்லாமல் உன் பிறவியின் கட்டு உனக்கு விளங்காது என்று சொல்லிவிட்டு அவள் போய்விடுகிறாள். அரண்மனைக்குத் திரும்பியவன் தன்னை வளர்த்த அரசியிடம் கேட்டுத் தன் பிறப்பை அறிகிறான். முற்பிறவியில் தாய் செய்ததையும் இப்பிறவியின் தன்மையையும் நினைந்து நினைந்து வருந்துகிறான். செவ்வி பார்த்துக் காத்து நிற்கும் மன்னர்களும், ஆடலும் பாடலும், அந்தப்புரமும் அவனுக்குச் சலித்துவிடுகின்றன.

இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பிறவி நினைவு கொண்டதாகச் சொல்லப்பட்ட குழந்தைகளைப் பற்றிப் பல நாடுகளில் செய்தி திரட்டிய வர்ஜீனியாப் பல்கலைக்கழக மனநல மருத்துவர் இயான் ஸ்டீவன்சனின் பதிவுகளில், பேச்சு வரும் வயதில் குழந்தை தானாகவே சொல்லத் தொடங்கும். சில ஆண்டுகளில், பெரும்பாலும் பள்ளி செல்லும் வயதில், பேச்சு அடங்கிவிடும். அந்தக் கூற்றுகளின் உண்மை பற்றிய விவாதம் தனி. புண்ணியராசனின் நிகழ்வு அந்த வகையைச் சேர்ந்ததன்று. அவனுக்குத் தானாக எதுவும் நினைவுக்கு வரவில்லை. முதலில் ஒருத்தியின் சொல், பிறகு வளர்த்த தாயின் சாட்சியம், அதன் பிறகு பீடிகை, கடைசியாக எலும்பு என்று சான்றுகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. விலகும் எண்ணம் இரண்டாவது சான்றோடு பிறந்துவிடுகிறது. அந்தக் கட்டத்தில் அவன் அறிந்தது இரண்டு மட்டுமே: தன்னைப் பெற்றவள் கைவிட்டாள், அரசகுலம் என்று தான் நினைத்திருந்தது தனக்கு உரியதன்று. அந்த இரண்டு காயங்களும்தான் அவனைத் துறவு நோக்கித் தள்ளுகின்றன என்று நான் கருதுகிறேன். சோலையில் அறம் கேட்டதும் அதற்கு உதவியிருக்கலாம். ஆனால் காப்பியம் அவன் வருத்தத்துக்குச் சொல்லும் காரணம் பிறப்புதான்.

அமைச்சன் சனமித்திரன் மன்னனின் மனம் வேறாகிவிட்டதைக் கண்டு பேசும் பேச்சு, காப்பியத்தின் மிக நல்ல இடங்களில் ஒன்று. நீ பிறப்பதற்கு முன் பன்னிரண்டு ஆண்டு இந்த நாட்டில் மழை இல்லை. பெற்ற தாய் குழந்தைக்கு இரங்காமல் தான் மட்டும் தனியே தின்னும் நிலை வந்தது. வெங்கோடையில் கார்மேகம் போல நீ தோன்றினாய். நீ நீங்கினால் உன் நாடு முழுவதும் “தாய் ஒழி குழவி போலக் கூஉம்” என்கிறான். ஆபுத்திரனைத் தாய் போட்டுப் போன இடத்தில் “ஈன்ற குழவிக்கு இரங்காள் ஆகி” என்று காப்பியம் சொன்னதை நினைவில் வைத்துக்கொண்டு இதைப் படித்தால் உடல் சிலிர்க்கிறது. தன்னைப் பெற்றவள் செய்ததை எண்ணி வருந்திக்கொண்டிருப்பவனிடம், பஞ்சத்தில் ஊரெல்லாம் தாய்மார் அதையே செய்தார்கள், இப்போது நீயும் உன் நாட்டுக்கு அதையே செய்யப் போகிறாய் என்று அமைச்சன், தான் அறியாமலேயே, சொல்லிவிடுகிறான்.

இத்தனை வலிமையான பேச்சும் பலிக்கவில்லை. மணிபல்லவம் காணும் வேட்கை தணியாது, அரசையும் உரிமைச் சுற்றத்தையும் ஒரு மாத எல்லைக்குக் காப்பது உன் கடன் என்று சொல்லிவிட்டு, கலம் செய்யும் கம்மியரை வரவழைத்து அரசன் கப்பலேறுகிறான். அந்த ஒரு மாத எல்லையை எங்கள் வட்டத்தில் சிலர் சாக்காகக் கண்டார்கள். நான் அதை நேர்மையின் அடையாளமாகவே காண்கிறேன். விலக விரும்புபவன், தான் இல்லாத நாளுக்கு யார் பொறுப்பு என்று பெயர் சொல்லிவிட்டுத்தான் கரையை விடுகிறான். ஆபுத்திரனாக இருந்தபோது அவனுக்கு இந்த வழக்கம் இருக்கவில்லை.

மணலில் கண்டது

மணிபல்லவத்தில் பீடிகை அவனுக்கு முற்பிறவியைக் காட்டுகிறது. மதுரையையும் சிந்தாதேவியையும் பாத்திரத்தையும் அறிந்து அவன் மகிழ்ந்து துதிக்கிறான். இதுவரை கிடைத்த அறிவு அவனைப் பெருமிதப்படுத்தும் அறிவு. இதோடு கதை முடிந்திருந்தால் அவன் திரும்பியிருக்க மாட்டான். அப்போது தீவைக் காக்கும் தீவதிலகை வருகிறாள். அலை கொண்டுவந்து குவித்த உயர்ந்த மணலுக்குள், புன்னையின் நிழலுக்குக் கீழே, உன் பழைய உடம்பின் எலும்பு கிடக்கிறது, பார் என்கிறாள். பக்கத்தில் கிடப்பவை யாருடையவை என்பதையும் சொல்கிறாள். கப்பலில் அவனைக் காணாமல் திரும்பி வந்து, அவன் இறந்தது கண்டு, தாங்களும் அங்கேயே உயிர் விட்ட “ஒன்பது செட்டிகள்” எலும்புகள் அவை. அந்தச் செட்டிகள் இட்ட சோற்றை உண்டு வாழ்ந்து, அவர்களுக்காக ஏங்கி உயிர் விட்டவர்களின் எலும்புகளும் அங்கே கிடக்கின்றன.

பிறகு அவள் சொல்வது:

“நின்னுயிர் கொன்றாய் நின்னுயிர்க்கு இரங்கிப்
பின்னாள் வந்த பிறர்உயிர் கொன்றாய்
கொலைவன் அல்லையோ கொற்றவன் ஆயினை”

அன்று வாசிப்பு இந்த இடத்தில் வெகுநேரம் நின்றது. கல்லூரி மாணவர் ஒருவர் கோபத்தோடு, “ஐயா, அவர் யாரையும் கூப்பிடலையே, தன் உயிரைத்தானே விட்டார், இதைக் கொலைன்னு எப்படிச் சொல்லலாம்?” என்று கேட்டார். பெரியவர்கள் யாருக்கும் அந்தத் திகைப்பு இல்லை. கரை திரும்பாத படகைத் தேடி மற்றப் படகுகள் போவது இங்கு இன்றும் நடப்பதுதான். போனவன் திரும்பாவிட்டால் தேட வருபவனுக்கும் ஆபத்து என்பது இங்கு எல்லாருக்கும் தெரியும். “திரும்பி வருவாகன்னு அவுக நினைச்சிருக்கணும்” என்று முதலில் பேசிய பெரியவரே சொன்னார். கப்பலில் கூட வந்தவர்கள் தன்னைத் தேடுவார்கள் என்ற எண்ணமே ஆபுத்திரனுக்கு வரவில்லை. பாத்திரம் பிறருக்கானது, உயிர் மட்டும் தனக்கானது என்று அவன் கணக்குப் போட்டான். கணக்கின் பிற்பாதி தவறு.

ஆகவே புண்ணியராசன் இப்போது கேட்கும் விலகல் அவனுடைய முதல் விலகல் ஆகாது. முற்பிறவியில் அவன் ஒருமுறை மிக உயர்ந்த காரணத்தோடு விலகியிருக்கிறான். அதற்குப் பலர் உயிரால் விலை கொடுத்திருக்கிறார்கள். அவன் அதை அறியாமலேயே இறந்து, அறியாமலேயே அரசனாகியிருக்கிறான். முற்பிறவி அறிவைத் துறவுக்குக் காரணமாகக் கொண்டு வந்தவனுக்கு, அதே அறிவு தன் பழைய துறவின் விளைவைக் காட்டிவிடுகிறது. சனமித்திரன் சொன்னபோது எட்டாத பொருள் இங்கே எலும்பாகக் கிடக்கிறது. நீ போனால் நாடு அழும் என்பது வருங்காலத்தைப் பற்றிய அச்சுறுத்தல். அதை யாரும் மறுத்துப் பேசலாம். நீ முன்பு போனபோது இவர்கள் செத்தார்கள் என்பதை மறுக்க வழியில்லை.

அதே பேச்சில் தீவதிலகை மணிமேகலைக்குச் சொல்லும் செய்தியும் தற்செயலாக அங்கே வைக்கப்பட்டதன்று. சோழ மன்னன் நெடுமுடிக்கிள்ளிக்குப் பிறந்த மகனை நாகநாட்டு இளவரசி பீலிவளை மணிபல்லவத்தில் கம்பளச் செட்டியின் கையில் ஒப்படைக்கிறாள். அந்தக் கப்பல் அன்றிரவே கவிழ்கிறது, பிள்ளை காணாமல் போகிறது. மகனைத் தேடி அலைந்த சோழன் இந்திர விழாவை மறக்க, காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொள்கிறது. வாரிசை இழந்த அரசன் ஒருவன் தன் கடமையைக் கைவிட்டதால் ஊரே போன கதையை, கடமையைக் கைவிட நினைக்கும் இன்னோர் அரசன் அருகில் நின்று கேட்கிறான். 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் வந்த புயலில் தனுஷ்கோடி அழிந்ததையும், பாம்பனிலிருந்து போன ரயில் கடலில் போனதையும் பெற்றோர் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் எங்கள் வட்டத்தில் உண்டு. கடல் ஓர் ஊரை எடுக்க எந்த அரசனின் பிழையும் தேவையில்லை என்று அவர்கள் சொன்னது சரி. காப்பியம் கடல்கோளுக்குச் சொல்லும் இந்தக் காரணத்தை நாம் ஏற்க வேண்டியதில்லை. புண்ணியராசனின் காதில் அது எந்த நேரத்தில் விழுகிறது என்பதே முக்கியம்.

தன் எலும்பைக் கண்டு கலங்கி நின்றவனை மணிமேகலை தேற்றும் முறையில் பரிவு மிகுதி. உன்னை இங்கே அழைத்தது உன் மறுபிறப்பை உணர்த்தி, சிறு தீவுகளிலும் பெருந்தீவுகளிலும் உன் பெயரை நிலைநிறுத்தத்தான் என்கிறாள். நிலம் ஆளும் அரசரே அருளறம் பூண்டால், பிறர் குற்றம் தீர்க்க வேறு பொருளும் வேண்டுமோ என்று கேட்கிறாள். தமிழர் அனைவருக்கும் தெரிந்த,

“அறமெனப் படுவது யாதெனக் கேட்பின்
மறவாது இதுகேள் மன்னுயிர்க் கெல்லாம்
உண்டியும் உடையும் உறையுளும் அல்லது
கண்டது இல்”

என்ற வரிகள் இங்கேதான் வருகின்றன. மேடைகளில் இவற்றைப் பொது அறமாகச் சொல்லிக் கேட்டிருக்கிறோம். பதவியை விட்டு ஓட நினைத்த ஓர் அரசனிடம், எலும்புகளின் அருகில் நின்று சொல்லப்பட்டவை இவை என்பது தெரிந்த பிறகு அவற்றின் கனம் கூடிவிடுகிறது.

தேமியன்

இதே பௌத்த மரபில் நேர் எதிரான நிகழ்வு ஒன்று உண்டு. புத்தரின் முற்பிறவிக் கதைகளுள் ஒன்றான மூகபக்க ஜாதகத்தில் காசி அரசனின் மகன் தேமியன், ஒரு மாதக் குழந்தையாகத் தந்தையின் மடியில் கிடக்கும்போது, நான்கு திருடர்களுக்குத் தந்தை கொடுந்தண்டனை விதிப்பதைக் கேட்கிறான். உடனே முற்பிறவி நினைவுக்கு வருகிறது. இதே நகரில் இருபது ஆண்டு அரசனாக இருந்ததற்காக எண்பதாயிரம் ஆண்டு நரகத்தில் வெந்தவன் அவன். மீண்டும் பட்டம் ஏறாமல் இருக்க ஊமை போலவும் முடவன் போலவும் நடிக்கத் தொடங்குகிறான். பசியாலும் நெருப்பாலும் யானையாலும் பாம்பாலும் சோதித்தும் அசையவில்லை. பதினாறு வயதில், பயனற்றவன் என்று புதைக்கத் தேரில் கொண்டு போகிறார்கள். தேரோட்டி சுனந்தன் குழி தோண்டும்போது வாய் திறந்து பேசி, துறவியாகிறான். அவனை அழைத்துப் போக வந்த பெற்றோரும் நாட்டாரும் அவன் வழியையே பின்பற்றுகிறார்கள்.

ஒரே மரபு, ஒரே வகை நினைவு, இரண்டு முடிவு. வேறுபாடு இருவரும் எதை நினைவுகூர்ந்தார்கள் என்பதில் இருக்கிறது. தேமியன் தான் தண்டித்ததை நினைவுகூர்ந்தான். அவன் அறிந்த ஆட்சி என்பது சவுக்கும் விலங்கும் ஈட்டியும் கழுமரமும். அதிலிருந்து தப்புவதே அவனுக்கு அறம். புண்ணியராசன் தான் ஊட்டியதை நினைவுகூர்ந்தான். ஊட்டுவதை நிறுத்தியதால் நேர்ந்ததையும் கண்டான். அவனுக்கு ஆட்சி, பாத்திரத்தின் வேலையை வேறு வழியில் தொடர்வது. இரண்டில் ஒன்றை உயர்வு என்று சொல்ல நான் முயலவில்லை. தேமியனின் பயம் நியாயமானது. சாவகத்து அரசன் நாளை ஒரு திருடனுக்குத் தண்டனை விதிக்க வேண்டியிருக்கும் என்பதைப் பற்றி மணிமேகலை பேசுவதே இல்லை. அது இந்தக் காதையின் குறை என்றுதான் நினைக்கிறேன்.

இந்தக் கரையின் வாரிசுகள்

ராமநாதபுரத்தில் வாரிசு என்ற சொல்லோடு கேட்டுப் பழகிய கதைகள் வேறு வகையானவை. குழந்தையாகவே சேதுபதி பட்டம் ஏறிய முத்துராமலிங்க சேதுபதி 1772இல் ஆர்க்காட்டு நவாபின் படையாலும் ஆங்கிலேயர் படையாலும் சிறைப்பட்டுத் திருச்சியில் அடைபட்டார். 1781இல் மீண்டு ஆண்டார். 1795இல் கும்பினியாரால் பதவி பறிக்கப்பட்டு, 1809இல் சென்னைக் கோட்டைச் சிறையில் இறந்தார். அதற்குப் பிந்திய தலைமுறையில், கணவனை இழந்த ராணி தத்தெடுத்த பிள்ளைக்கு ஜமீன் உரிமை உண்டா என்ற வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. கணவனின் அனுமதி இல்லாவிட்டாலும் சபிண்டர்களின் (நெருங்கிய இரத்த உறவினரின்) சம்மதத்தோடு எடுத்த தத்து செல்லும் என்று 1868இல் வந்த தீர்ப்பு, தென்னிந்திய இந்துச் சட்டத்தில் ராமநாதபுரம் வழக்கு என்றே வழங்குகிறது. எடுத்து வளர்க்கப்பட்ட பிள்ளை அரியணைக்காக நீதிமன்றம் ஏறிய ஊர் இது. இங்கே இருந்துகொண்டு, எடுத்து வளர்க்கப்பட்டவன் என்று தெரிந்ததுமே அரியணை வேண்டாம் என்றவனைப் புரிந்துகொள்ளச் சற்று நேரம் ஆகிறது.

ஆனால் ‘உண்டியும் உடையும் உறையுளும்’ என்பது இந்தக் கரையின் அரசர்களுக்கு அன்னியமானதும் அன்று. சேதுவைக் காப்பவர் என்ற பட்டத்தின் பொருளே ராமேசுவரம் போகும் வழிப்போக்கரைக் காப்பதுதான். அந்தப் பாதை நெடுகச் சேதுபதிகள் சத்திரங்கள் கட்டி, அவற்றுக்கு ஊர்களை மானியமாக விட்டார்கள். பாஸ்கர சேதுபதி கொடுத்துக் கொடுத்தே ஜமீனைக் கடனில் ஆழ்த்தி, 1903இல் முப்பத்தைந்து வயதில் மறைந்தார். அவர் உறவினர் பாலவனத்தம் பாண்டித்துரைத் தேவர், உ.வே.சாமிநாதையர் 1898இல் வெளியிட்ட மணிமேகலைப் பதிப்புக்குப் பொருள் உதவியவர். இந்தக் காதை நம் கைக்கு அச்சில் வந்ததில் இந்தச் சீமைக்கும் பங்கு உண்டு என்று அறிந்தபோது வட்டத்தில் எல்லாருக்கும் மகிழ்ச்சி.

அவளுக்கு மட்டும் எப்படி?

வாசிப்பின் கடைசியில் ஒரு மாணவி கேட்ட கேள்வியைத் தவிர்த்துவிட்டு இந்த ஆய்வை முடிக்க முடியாது. மணிமேகலையும் ஒரு வாரிசுதான். மாதவிக்குப் பின் ஆடல் அரங்கு ஏற வேண்டியவள் என்று பாட்டி சித்திராபதியும் ஊரும் எதிர்பார்த்தார்கள். சோழ இளவரசன் உதயகுமரன் அவளுக்காக அலைந்து, முற்பிறவியில் அவள் கணவன் இராகுலனாக இருந்ததை அறியாமலேயே காஞ்சனன் வாளுக்கு இரையானான். அவள் தன் குலத்தொழிலை உதறினாள். யாரும் அவளைத் திருப்பி அனுப்பவில்லை. “அவ போகலாம், ராஜா போகக் கூடாதா? இது என்ன நியாயம், ஐயா?” என்றார் அந்த மாணவி.

இதற்கு என்னிடம் உள்ள விடை பாத்திரத்தில் இருக்கிறது. மணிமேகலை துறந்து போனபோது அமுதசுரபியைக் கையில் எடுத்துக்கொண்டு போனாள். காவிரிப்பூம்பட்டினத்தில் சிறைக்கோட்டத்தையே அறக்கோட்டமாக மாற்றினாள். அவள் உதறியது பிறர் அவள்மேல் ஏற்றிய தொழிலை. அவளால் பசியாறுபவர் எவரும் அந்தத் துறவினால் பட்டினி கிடக்கவில்லை. ஆபுத்திரன் பாத்திரத்தைப் பொய்கையில் விட்டுவிட்டுப் போனவன். புண்ணியராசனும் நாகபுரத்தை விட்டால் களஞ்சியத்தை விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். துறவு இருவருக்கும் ஒன்றுதான். அதனால் யார் கலத்தில் சோறு குறையும் என்பது ஒன்றன்று. மாணவிக்கு இந்த விடை பாதிதான் நிறைவளித்தது. ஒருவரால் பிறர் பசியாறுகிறார்கள் என்பதற்காக அவர் காலமெல்லாம் கட்டுண்டு கிடக்க வேண்டுமா என்ற மீதிக் கேள்வி அவரிடம் இருக்கிறது. அது நியாயமான கேள்வி.

காப்பியத்தில் அரசன் அந்தக் கேள்வியை எழுப்பவில்லை. என் நாட்டில் ஆயினும் பிறர் நாட்டில் ஆயினும் நீ உரைத்த நல்லறம் செய்வேன் என்கிறான். அதன் பின்னும், “என் பிறப்பு உணர்த்தி என்னை நீ படைத்தனை” என்று சொல்லி, அவளைப் பிரிய முடியாது என்று நிற்கிறான். விலகும் ஆசையின் கடைசி இழை அது. அரசைத் துறக்கும் ஆசை அடங்கிய பிறகும் குருவை விட்டுப் போக மனம் வரவில்லை. அவள் இளகவில்லை. வருந்தாதே, நீ போந்ததற்கு இரங்கி உன் நாடு வாய்விட்டு அழைக்கும், கப்பலேறு என்கிறாள். அமுதசுரபியை அவனிடம் திருப்பிக் கொடுக்கவும் இல்லை. பழைய உரிமையாளன் எதிரில் நின்றும், பாத்திரம் அவள் கையிலேயே வஞ்சி நகருக்குப் போகிறது. சாவகத்தில் அவன் மழையையும் உழவரையும் வரியையும் கணக்கரையும் கொண்டுதான் ஊருக்குச் சோறிட வேண்டும். சனமித்திரனுக்குக் கொடுத்த எல்லையும் ஒரு மாதம்தான்.